ஒன்பது வருஷத்து ‘நீ’

நூர்ட்டிங்கன், 12 அக்டோபர் 1986

அன்புள்ள ரோஸ்வித்தா,

உன் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. நீ மகனோடு இருக்கப்போகிறேன் என்று வடக்கே கிளம்பிப் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வீட்டுக்காரர் ஹெஃபலே சாவியைக் கொடுத்துவிட்டார். எதிர்க்கதவில் ‘எபர்லே’ என்று பதினாறு வருஷம் பார்த்துப் பழகிய கண், இப்போது ‘க்ளாசன்’ என்று படிக்க வேண்டியிருக்கிறது.

யூட்டா க்ளாசன். கொலோன்காரி. ஐம்பதைத் தாண்டியிருப்பாள். கட்டிய புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டானாம். அதை வந்த அன்றைக்கே மாடிப்படியில் நின்றுகொண்டு தபால்காரர் காதிலும் விழும்படி சொல்கிறாள்.

போன வாரம் படி பெருக்கும் முறை அவளுடையது. ஞாயிறு சாயங்காலம் நான்தான் அட்டையைக் கொண்டுபோய் அவள் கதவுப்பிடியில் மாட்டினேன். சனிக்கிழமை வரை படியில் விளக்குமாறு படவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினேன். காலை பத்து மணிக்கும் ராத்திரி உடுப்போடு வந்து நிற்கிறாள்.

“திருமதி க்ளாசன், அட்டை தொங்குதே, பாக்கலையா?”

“பாத்தேனே! எவ்ளோ அழகா இருக்கு. புதுசா வந்தவங்களுக்கு மாட்டுவீங்க போலன்னு நெனச்சேன்.”

அந்த வாரம் பெருக்கும் முறை யாருடையதோ அவர் கதவில் அது தொங்கும் என்று விளக்கினேன். அப்புறம் பெருக்கினாள். எப்படித் தெரியுமா? கீழே ஆரம்பித்து மேலே. தண்ணீர் விட்டுத் துடைக்கவும் இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தேவாலய மணி அடிக்கிற நேரத்தில், பால்கனியில் உள்பாவாடை உலர்த்தினாள். தெருவே பார்த்தது.

நீ இருந்தால் இரண்டு பேருமாகச் சொல்லியிருப்போம். தனியாகச் சொல்ல எனக்கு வரவில்லை. சனிக்கிழமை நாலு மணிக் காப்பிக்குக் கை இன்னும் இரண்டு கோப்பைதான் எடுக்கிறது.

உன்
கெர்லிண்டே

*

லேயர், 20 அக்டோபர் 1986

என் அன்புக் கெர்லிண்டே,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். உள்பாவாடை இடத்தில் நான் சிரித்த சிரிப்பில் மருமகள் ஆன்ட்யே ஓடி வந்து, “என்ன அத்தே, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள்.

இந்த யூட்டாவை விடாதே. முதலிலேயே அடக்காவிட்டால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். கொலோன்காரர்களை எனக்குத் தெரியும், யாரைப் பார்த்தாலும் பத்து வருஷம் பழகியவர்கள் மாதிரி தோளில் கை போடுவார்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை, சத்தம் போடக் கூடாத நேரத்தில், ஆணி அடித்தால் ஹெஃபலேயிடம் சொல். பெருக்காத வாரத்துக்கும் சொல். நீ சொல்லக் கூச்சப்பட்டால் நான் அவருக்குப் போன் பண்ணுகிறேன்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையானாலும் ராத்திரியானாலும் இவர்களுக்கு ‘மொய்ன்’ என்று ஒரே வணக்கம்தான். பேச்சுச் செலவே இல்லாத ஊர். ஆனால் டீ இருக்கிறதே! கோப்பையில் கற்கண்டு, அதன்மேல் டீ, ஓரத்தில் பாலாடை. கலக்கக் கூடாது. நான் கலக்கிவிட்டேன்! ஆன்ட்யேயின் அம்மா திருமதி ஊக்கேனா சிரித்துச் சிரித்து என் கையைப் பிடித்துக்கொண்டார். போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்க வேண்டுமாம். அது தெரியாமல் ஊற்ற ஊற்ற எட்டுக் கோப்பை குடித்தேன்.

திருமதி ஊக்கேனாவும் நானும் புதன்கிழமை தோறும் அணைக்கரையில் நடக்கப் போகிறோம். காற்று ஆளைத் தூக்கும். அவர் என் கையைக் கோத்துக்கொள்வார். எவ்வளவு நல்ல மனுஷி! நீ பார்த்தால் உனக்கும் பிடிக்கும்.

என் நாற்காலியில் யாரையும் உட்காரவிடாதே. சும்மா சொன்னேன்.

உன்
ரோஸ்வித்தா

*

நூர்ட்டிங்கன், 7 டிசம்பர் 1986

அன்புள்ள ரோஸ்வித்தா,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் என் நெஞ்சுச்சளி. இரண்டு வாரம் படுக்கை. நீ பயப்படாதே, இப்போது எழுந்து நடமாடுகிறேன்.

அந்த இரண்டு வாரத்தில் ஒரு வாரம் என் முறை. எழுந்திருக்க முடியவில்லை, படி என்ன கதியோ என்று படுத்தபடியே தவித்துக்கொண்டிருந்தேன். வெளியே வாளிச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து பார்த்தால் திருமதி க்ளாசன் முட்டி போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறார். மேலிருந்து கீழே.

“ஒங்க முறைன்னு தெரியும். நீங்க போய்ப் படுங்க. தப்பாப் பண்ணா உள்ளேருந்தே சத்தம் போடுங்க, திருத்திக்கிறேன்.”

ஒரு இடத்தில் மட்டும் சத்தம் போட்டேன். மூலையை விட்டுவிட்டார்.

மத்தியானம் கோழி ரசம் கொண்டுவந்தார். உப்பு அதிகம். ஜன்னலை விரியத் திறந்துவைத்து, என்னைக் கழுத்துவரை போர்த்திவிட்டு, அறைக் காற்று மாறும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொலோனில் அதையாவது ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

உன் திருமதி ஊக்கேனா சௌக்கியமா? புதன்கிழமை நடை நடக்கிறதா? இந்த வயதில் அணைக்கரையில் கைகோத்து நடக்க ஒரு துணை கிடைப்பது பாக்கியம்தான். எனக்கு இங்கே நெக்கர் ஆற்றங்கரை இருக்கிறது. தனியாக நடந்தாலும் ஆறு ஓடத்தான் செய்கிறது.

கிறிஸ்துமஸ் பிஸ்கட் டப்பா அடுத்த வாரம் தபாலில் வரும்.

கெர்லிண்டே

*

லேயர், 4 ஜனவரி 1987

அன்புள்ள கெர்லிண்டே,

டப்பா வந்து சேர்ந்தது. நன்றி. ஒன்றுகூட உடையவில்லை.

பதினாறு வருஷமாக உன் டப்பாவில் ஆறு தினுசு இருக்கும். இந்தத் தடவை நாலுதான். சோம்பு பிஸ்கட்டும் இல்லை, ஜாம் வைத்ததும் இல்லை. நெஞ்சுச்சளியோடு அவ்வளவுதான் சுட முடிந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் யோசித்தேன். நீ நாலு தினுசு மட்டும் சுடுகிற ஆள் இல்லை. மற்ற இரண்டும் எந்தக் கதவுக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

நீ இருமிக்கொண்டு கிடந்தது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிகிறது. ஒரு போன் செய்திருந்தால் ஓடி வந்திருப்பேன். கோழி ரசம் எனக்கும் வைக்கத் தெரியும். உப்பு சரியாகவே போடுவேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவள் வந்தால் எந்த நாற்காலியில் உட்காருகிறாள்? ஜன்னல் பக்கம் இருப்பதிலா?

இங்கே எல்லோரும் நலம். திருமதி ஊக்கேனா உன்னை விசாரித்தார்.

ரோஸ்வித்தா

*

நூர்ட்டிங்கன், 1 மார்ச் 1987

அன்புள்ள ரோஸ்வித்தா,

ஜன்னல் பக்க நாற்காலியில்தான். சமையலறையில் இருப்பதே இரண்டு நாற்காலி. அவளை எங்கே உட்கார வைக்கச் சொல்கிறாய், அடுப்பு மேலா?

அதை விடு. வியாழக்கிழமை நடந்ததை உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்!

தவக்காலத்துக்கு முந்தைய அந்த வியாழன் கொலோனில் பொம்பளைகள் ராஜ்யமாம். கண்ணில் படுகிற ஆம்பளையின் டையைக் கத்தரிக்கலாமாம். நம் ஊரில் அதை யார் கண்டது? ஹெஃபலே வாடகைச் சண்டைக்குக் கோர்ட்டுக்குப் போகிற நாள், பட்டு டை கட்டிக்கொண்டு படியிறங்குகிறார். யூட்டா வழியை மறித்து நின்றாள். முகத்தில் சிவப்புப் பொட்டு, தலையில் கோழி இறகு, கையில் தையல் கத்தரி.

“திரு. ஹெஃபலே, அசையாதீங்க. வலிக்காது.”

“என்ன? என்ன இது? திருமதி க்ளாசன்!”

கரக். பாதி டை அவள் கையில். பாதி அவர் கழுத்தில் நாக்கு மாதிரி தொங்குகிறது. அதற்குமேல் அவர் கன்னத்தில் ஒரு முத்தம்! அவர் நின்ற நிலையைப் பார்க்க வேண்டுமே. கோபப்படவும் தெரியவில்லை, சிரிக்கவும் தெரியவில்லை. “இது... இது என் மாமனார் குடுத்தது” என்றார். “அப்ப நல்லதுதான் பண்ணிருக்கேன்” என்கிறாள்.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். என் புருஷன் ஓய்கன் இறந்த பிறகு நான் அப்படிச் சிரித்ததில்லை, ரோஸ்வித்தா.

சாயங்காலம் ஒயின் போத்தலோடு வந்தாள். முழங்கையை என் முழங்கையோடு கோத்து, கண்ணைப் பார்த்துக் குடிக்கச் சொன்னாள். “இனிமே நீ, நான். சரியா கெர்லிண்டே?” என்றாள். நான் யோசிப்பதற்குள் சரி என்றிருந்தேன்.

உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

கெர்லிண்டே

*

லேயர், 8 மார்ச் 1987

கெர்லிண்டே,

ஐந்து மாதம். அவளுக்கு ஐந்து மாதம்.

நீயும் நானும் எதிரெதிர்க் கதவில் ஒன்பது வருஷம் ‘நீங்கள், உங்கள்’ என்று பேசினோம். ஒரே கடையில் ரொட்டி வாங்கினோம். என் மகன் உன் மடியில் உட்கார்ந்து கணக்குப் படித்தான். அப்போதும் நீ என்னைத் திருமதி எபர்லே என்றுதான் கூப்பிட்டாய். நிலவறையில் வெள்ளம் புகுந்த அன்றைக்கு இரண்டு பேரும் விடியும்வரை வாளியால் இறைத்து, முடியாமல் கடைசிப் படியில் உட்கார்ந்து பேரிக்காய் சாராயம் குடித்தோமே, அப்போதுதான் நீ மெதுவாக, “இனிமே என்னை நீன்னு கூப்பிடலாம்” என்றாய். அந்த ஒரு சொல்லுக்கு நான் ஒன்பது வருஷம் காத்திருந்தேன். நானாகக் கேட்க முடியாதே, நீ மூத்தவள் அல்லவா.

அவள் ஒரு கத்தரியைக் கொண்டுவந்தாள், அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நீ சிரித்ததில் எனக்கு வருத்தமா? இல்லை. நன்றாகச் சிரி. நான் உன்னைச் சிரிக்க வைத்ததே இல்லை என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

புதன்கிழமை உன் யூட்டா எனக்குப் போன் செய்தாள். ட்ராம் வண்டி மாதிரிக் குரல். என்ன பேசினோம் என்பது எங்களுக்குள். நான் மரியாதையாகத்தான் பேசினேன்.

ரோஸ்வித்தா

*

நூர்ட்டிங்கன், 24 மார்ச் 1987

மதிப்பிற்குரிய திருமதி எபர்லே,

உங்கள் கணக்குப்படி எனக்குப் பிறந்தநாள் மார்ச் பத்தொன்பது. என் அம்மா கணக்குப்படி இருபத்தொன்று.

வியாழக்கிழமை காலையில் குப்பை வாளியோடு கதவைத் திறந்தேன். யூட்டா, ஹெஃபலே, கீழ்வீட்டுத் தம்பதி எல்லோரும் நின்றார்கள். யூட்டா கையில் கேக், அதில் மெழுகுவத்தி எரிகிறது. நாலு பேரும் தொண்டை கிழியப் பாடினார்கள். “நூறு வருஷம் இரு கெர்லிண்டே!” என்று அவள் கத்தினாள். வாளி என் கையிலிருந்து நழுவிப் படியில் உருண்டது. அவர்கள் முகத்தில் கதவைச் சாத்தினேன்.

நாள் வருவதற்கு முன் வாழ்த்துவது நம் ஊரில் குழந்தைகூடச் செய்யாத காரியம். மற்றவர்களுக்கு அது வெறும் அபசகுனம். எனக்கு அப்படி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்கனின் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அலுவலகத்துக்காரர்கள் வெள்ளிக்கிழமையே கோப்பையை உயர்த்தி வாழ்த்திவிட்டார்கள். சனிக்கிழமை தோட்டத்தில் விழுந்தவர் எழவில்லை. அதை நான் என் தங்கைக்குக்கூடச் சொன்னதில்லை. உங்களுக்கு மட்டும் சொன்னேன். நீங்கள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டீர்கள்.

யூட்டா போகவில்லை. கதவில் கடிதம் போடும் துளை வழியாகக் கூப்பிட்டாள்.

“கெர்லிண்டே, நான் என்ன தப்புப் பண்ணேன்? பாட்டு பிடிக்கலையா?”

“இன்னிக்கு இல்ல. சனிக்கிழமை. ஒனக்கு யாரு சொன்னா?”

குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்:

“ஒன் ரோஸ்வித்தாதான். பத்தொன்பதுதானேன்னு ரெண்டு வாட்டி கேட்டேன். ஆமான்னாங்க. எல்லாரையும் கூட்டிட்டுப் போய்ச் சத்தமா வாழ்த்துங்க, அவளுக்கு அதான் பிடிக்கும்னாங்க.”

நான் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து ஓய்கனின் கதையைச் சொன்னேன். அவள் வெளியே தரையில் உட்கார்ந்து கேட்டாள். முடித்ததும் சொன்னாள்: “சரி, தொற. சனிக்கிழமை வரைக்கும் நான் இங்கதான். சாவு வந்துச்சுன்னா மொதல்ல என்கிட்ட பேசட்டும். நான் பேச ஆரம்பிச்சா எவன் நிப்பான்?”

தன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு ராத்திரி, கட்டிலில் முன்பு ஓய்கன் படுத்த பக்கத்தில் படுத்தாள். எனக்கு நெஞ்சு படபடத்தபோதெல்லாம் எழுந்து விளக்கைப் போட்டாள். சனிக்கிழமை காலையில் நான் கண் விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. எனக்கு அறுபத்தொன்று. பக்கத்தில் அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை கொடுத்த ‘நீ’யைத் திரும்ப வாங்குவது வழக்கமில்லை என்பார்கள். நான் வாங்கிக்கொள்கிறேன்.

கெர்லிண்டே

*

லேயர், 30 மார்ச் 1987

கெர்லிண்டே அவர்களுக்கு,

தேதி குழம்பிவிட்டது, வயதாகிவிட்டது என்று ஒரு கடிதம் எழுதி, தபால்தலை ஒட்டி, பெட்டிவரை கொண்டுபோனேன். போட முடியவில்லை. திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

குழம்பவில்லை. தெரிந்துதான் சொன்னேன்.

அவள் போனில் சிரித்துக்கொண்டே, “கெர்லிண்டேக்கு ஒரு ஆச்சரியம் குடுக்கணும்” என்றாள். பேசியபடியே நடந்தாள் போலிருக்கிறது, கூடத்தில் தரைப்பலகை கிரீச்சிட்டது. அது என் வீட்டுச் சத்தம். என் புருஷன் ஒவ்வொரு வருஷமும் சரிசெய்கிறேன் என்று சொல்லிச் சரிசெய்யாமலே செத்துப்போன பலகை. அவள் அதன்மேல் நின்றுகொண்டு உங்கள் பிறந்தநாளை என்னிடம் கேட்கிறாள். பத்தொன்பது என்று என் வாயிலிருந்து வந்தது. வந்த பிறகு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை, எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். நீங்கள் பயந்துபோவீர்கள், அந்தப் பயத்தில் அவளைத் துரத்துவீர்கள் என்று நினைத்தேன். ஓய்கன் நினைவுக்கு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை நடை ஒன்றும் கிடையாது. திருமதி ஊக்கேனாவோடு அணைக்கரைக்குப் போனது ஒரே ஒரு தடவை. ‘ரொம்பக் குளிருது’ என்று பாதியில் திரும்பிவிட்டார். நான் டீயைக் கலக்கியபோது யாரும் சிரிக்கவில்லை. மகன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கப்புறம் விருந்தாளிகள் வந்தால் ஆன்ட்யே எனக்கு மட்டும் முன்கூட்டியே தனியாக டீ கொடுத்துவிடுகிறாள். எல்லோரும் நல்லவர்கள்தான். யாரும் ஒரு குறை சொன்னதில்லை. எனக்கு இங்கே செய்ய ஒன்றுமே இல்லை. போன மாதம் தெருவில் எங்கள் வீட்டு முன்னால் பெருக்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, “எதையாவது தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டார்.

நீங்கள் என்மேல் பொறாமைப்பட வேண்டும் என்றுதான் அந்த நடைகளை எழுதினேன். நீங்கள் படவே இல்லை. அவளைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அறுபத்தொன்று நல்லபடியாக இருக்கட்டும். இதை அந்த நாள் கழிந்த பிறகுதான் சொல்கிறேன், தவறில்லை.

ரோஸ்வித்தா எபர்லே

*

நூர்ட்டிங்கன், 17 மே 1987

அன்புள்ள திருமதி எபர்லே,

உங்கள் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. மூன்று தடவை கிழிக்க எடுத்தேன்.

கடைசியில் யூட்டாவிடம் படித்துக் காட்டினேன். முந்தைய கடிதத்தில் அவளைப் பற்றி எழுதியிருந்ததையும் விடாமல் படித்தேன். ட்ராம் வண்டிக் குரல் உட்பட எல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “அய்யோ, விருந்தாளிங்க வர்றதுக்கு முன்னாடியே தனியா டீயா?” என்றாள். அப்புறம் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி அந்த இடத்தை மறுபடி படித்தாள்.

நீங்கள் நினைப்பது தவறு. நான் பொறாமைப்பட்டேன். புதன்கிழமை வந்தால் எனக்கு வேலை ஓடாது. உங்கள் இருவரையும் காற்று தள்ளுகிற மாதிரி, நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொல்கிற மாதிரி நினைத்துக்கொள்வேன். முதன்முதலாக யூட்டாவைக் காப்பிக்குக் கூப்பிட்டது ஒரு புதன்கிழமைதான். எதிர்வீட்டில் ஆள் இருக்கிறாளே, நான் மட்டும் ஏன் தனியாக உட்கார வேண்டும் என்று கூப்பிட்டேன். அப்போது அவளை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவும் இல்லை. இல்லாத ஒரு நடைக்காக நான் அவ்வளவு வயிறெரிந்திருக்கிறேன்.

சோம்பு பிஸ்கட் அவளுக்குத்தான் போனது. அது பொய்யில்லை.

பெந்தெகொஸ்தே விடுமுறைக்கு வாருங்கள். என் வீட்டில் உங்களைத் தங்கவைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. வரும் என்று வாக்குக் கொடுக்கவும் முடியாது. யூட்டா தன் வீட்டில் இடம் தருகிறேன் என்கிறாள். உங்கள் பழைய படுக்கையறை. சுவருக்கு மஞ்சள் வண்ணம் அடித்திருக்கிறாள், கண் கூசும். துண்டு எங்கே இருக்கிறது, வெந்நீர்க் குழாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றெல்லாம் அவளைத்தான் கேட்க வேண்டியிருக்கும். நான் கொடுக்கிற தண்டனை இவ்வளவுதான். காலையில் நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள் என்று அவள் என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை. வந்து நீங்களே சொல்லுங்கள்.

எந்த ரயில் என்று எழுதுங்கள். ஸ்டேஷனுக்கு யூட்டா வருவாள். சொன்ன நேரத்துக்கு அவள் வந்ததே கிடையாது. நின்று காத்திருங்கள்.

கெர்லிண்டே